ஹெயான் ஷோடான்: 21 அசைவுகளில் 13 தடுப்பா?

கேள்வி, 2 ஜூன் 2023

ஷோட்டோகான் வழிக் கராத்தேயின் ஹெயான் ஷோடான் கட்டாவில் (தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) மொத்தம் 21 அசைவுகள். எண்ணிப் பார்த்தேன். கெடான் பராய் (முன்கையைக் கீழே இறக்கும் தடுப்பு) 6, ஆகே உகே (முன்கையை மேலே எழுப்பும் தடுப்பு) 3, ஷுட்டோ உகே (கத்திபோல் விரிந்த கையால் தடுப்பு) 4. ஆக 13 தடுப்புகள். ஓய் சுகி (முன்னேறிக் குத்துவது) 7, டெட்சுயி (சுத்தியல் அடி) 1. ஆக 8 தாக்குதல்கள். தொடங்குவதும் தடுப்பில், முடிவதும் தடுப்பில். கராத்தே தற்காப்புக்கு மட்டுமே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? "கராத்தேயில் முதல் அடி இல்லை" என்று ஷோட்டோகானை நிறுவிய ஃபுனகோஷியே சொல்லியிருக்கிறாரே?

3 ஜூன் 2023

எண்ணிக்கை சரி. முடிவை ஏற்க மாட்டேன்.

ஃபுனகோஷி கிச்சின் எழுதிய 20 நெறிகளில் இரண்டாவது அது. ஒருவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்கிறது. கெடான் பராயில் கை ஏன் அந்த வழியாக இறங்குகிறது என்பதைச் சொல்லவில்லை. ஒழுக்க நெறியை வைத்து அசைவுக்குப் பொருள் கண்டுபிடிக்கப் போனால் எல்லா அசைவுக்கும் ஒரே விடைதான் கிடைக்கும்.

முதல் சிக்கல் "தடுப்பு" என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஜப்பானியச் சொல் உகே. உகேரு என்ற வினையிலிருந்து வருவது. அதற்கு வாங்கிக்கொள்வது, ஏற்பது என்று பொருள். ஆங்கிலத்தில் அதை மறிப்பது என்று மாற்றினார்கள். நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்துத் தடுப்பு ஆக்கிக்கொண்டோம். நம் மொழியில் "வாங்கு" என்று அழகான சொல் இருக்கிறது. மாடியிலிருந்து போடும் துணி மூட்டையைக் கீழே நிற்பவன் வாங்குகிறான். எதிரே கையை விறைப்பாக நீட்டி அதை நிறுத்துவதில்லை. வரும் வேகத்தோடு கையைத் தாழ்த்தி, உடம்பைத் திருப்பி, தனக்கு வேண்டிய இடத்தில் இறக்குகிறான். உகே என்பது அந்த வேலை. 13 முறை சுவர் எழுப்பும் கட்டா என்று ஹெயான் ஷோடானைப் படித்தால், சுவர் ஏன் நடந்துபோகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

3 ஜூன், இரவு

மேலே எழுதியது புத்தகம் படித்து வந்த ஞானம் இல்லை. 2006-இல் என் இடது முன்கை கற்றுக்கொடுத்தது.

பழுப்பு பெல்ட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். எதிரே நின்றவர் என்னைவிடப் பத்து கிலோ கூடுதல். அவர் மாயே கெரி (நேர் முன்னுதை) உதைக்க வேண்டும், நான் கெடான் பராயால் தடுத்துவிட்டுக் குத்த வேண்டும். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ அவர் உண்மையாகவே உதைத்தார். நானும் உண்மையாகவே கையை இறக்கினேன். என் முன்கையும் அவருடைய முழங்கால் கீழ் எலும்பும் சந்தித்தன. சத்தம் இன்னும் நினைவிருக்கிறது, காய்ந்த முருங்கைக் கிளையை ஒடிப்பதுபோல.

எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்த மருத்துவர், "யாராவது தடியால் அடித்தார்களா?" என்று கேட்டார். தலைக்கு வரும் தடியடியைக் கையை உயர்த்தித் தடுப்பவர்களுக்குச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு தனியாக இப்படித்தான் முறியுமாம். ஐந்து வாரம் மாவுக்கட்டு. "நேரம் தவறிவிட்டாய்" என்று டோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) சொன்னார்கள். நானும் பல ஆண்டுகள் அதையே நம்பினேன். இப்போது நம்பவில்லை. நேரம் தவறாமல் இருந்திருந்தாலும் மோதியிருப்பவை அதே இரண்டு எலும்புகள்தான். உதைக்கும் காலின் எடைக்கு முன்னால் என் முன்கை எம்மாத்திரம்?

5 ஜூன் 2023

கெடான் பராயை மெதுவாகப் பார்ப்போம். நாம் படத்தில் பார்ப்பது கடைசி நொடியை மட்டும்: இடது முட்டி இடது முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, வலது முட்டி இடுப்பில். அதற்கு முன் நடப்பதற்கு "தயார்நிலை" என்று பெயர் வைத்துக் கடந்துவிடுகிறோம்.

அந்தத் தயார்நிலையில் என்ன நடக்கிறது? வலது கை முன்னால் கீழ்நோக்கி நீள்கிறது. இடது முட்டி வலது காதருகே போகிறது. இரண்டு கைகளும் குறுக்கே வருகின்றன. பிறகு இடது முன்கை வலது கையின் மேல் உரசியபடி இறங்க, வலது கை முறுக்கிக்கொண்டே இடுப்புக்குத் திரும்புகிறது. வெறும் தடுப்புக்கு இவ்வளவு பயணம் எதற்கு? உதை வரும்போது முட்டியைக் காது வரை தூக்கிப் பிறகு இறக்க எவனுக்கு நேரம் இருக்கும்? தடுப்பதுதான் நோக்கம் என்றால் கை தொங்கும் இடத்திலிருந்து நேராகவே தள்ளிவிடலாம்.

நேற்று மாலை மொட்டைமாடியில் சோதித்தேன். கூட இருந்தவர் மாவட்ட அளவில் கபடி ஆடியவர். அவர் மணிக்கட்டைப் பிடித்தால் பிடித்ததுதான். வலது கையால் என் வலது மணிக்கட்டைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். நான் கையைத் திருப்பி அவருடைய மணிக்கட்டைப் பற்றி, முறுக்கி, என் வலது இடுப்புக்கு இழுத்தேன். அவருடைய கை நீண்டு முழங்கை மேல்நோக்கித் திரும்பியது. என் இடது முன்கை காதருகிலிருந்து இறங்கி அவருடைய முழங்கைக்குச் சற்று மேலே உட்கார்ந்தது. இடது காலை எடுத்து வைத்து எடையை அதன்மேல் போட்டேன். அவருடைய தோள் தாழ்ந்தது, இடுப்பு மடிந்தது, இன்னொரு கையால் தரையைத் தட்டினார். "அண்ணா, விடுங்கள். வலிக்கிறது."

நான் செய்தது ஹெயான் ஷோடானின் முதல் அசைவு. ஒரு விரற்கடைகூட மாற்றவில்லை.

இடுப்புக்குத் திரும்பும் கைக்கு ஹிக்கிதே என்று பெயர், இழுக்கும் கை. பெயரிலேயே வேலை இருக்கிறது. வெறுங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதால் முகம் திறந்து கிடப்பதைத் தவிர வேறு பயன் இல்லை. அந்தக் கையில் எதிரியின் ஏதோ ஒன்று இருக்க வேண்டும்: மணிக்கட்டோ, சட்டைக் கையோ, முடியோ.

7 ஜூன் 2023

"நிலைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்று கேட்டிருந்தீர்கள். உண்மை. கைகளைப் பார்த்துக் கட்டாவைப் படிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை, நானும் அதையே செய்தேன்.

ஹெயான் ஷோடானில் நிலைகள் மிகக் குறைவு. முதல் 17 அசைவுகளில் நான்காவதைத் தவிர எல்லாமே சென்குட்சு (முன்காலில் எடை சாயும் நிலை). நான்காவதில் முன்கால் பின்னுக்கு வந்து நிலை குறுகுகிறது. கடைசி நான்கும் கோகுட்சு (பின்காலில் எடை உட்காரும் நிலை). அவ்வளவுதான்.

சென்குட்சுவில் முன்காலில் 60 விழுக்காடு, பின்காலில் 40 என்று சொல்லித்தருகிறார்கள். கோகுட்சுவில் பின்காலில் 70, முன்காலில் 30. உண்மையிலேயே அப்படித்தான் நிற்கிறேனா என்ற சந்தேகம் எனக்கு நெடுநாள். பக்கத்து வீட்டிலிருந்து எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிவந்து, எங்கள் வீட்டு இயந்திரத்தோடு தரையில் வைத்து, காலுக்கு ஒன்றாக ஏறி நின்றேன். என் எடை 72 கிலோ. சென்குட்சுவில் முன்கால் 41, பின்கால் 31. குற்றம் சொல்ல முடியாது. கோகுட்சுவில் பின்காலில் 50-ஐத் தாண்ட வேண்டும். வந்தது 45. முப்பது ஆண்டுகளாகப் பின்காலில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நடுவில் நின்றிருக்கிறேன்.

பிறகு கபடிக்காரரை வரவழைத்து, நான் கோகுட்சுவில் நிற்க, அவர் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். அவர் எதிர்த்தார். நான் நினைக்காமலே பின்காலின் முள் 50-ஐத் தாண்டியது. அங்கேதான் எனக்கு உறைத்தது. எடைப் பங்கீடு என்பது நிற்பதற்கான விதி இல்லை. எதிரே ஒரு மனிதனின் எடை தொங்கும்போது தானாக அமைவது அது. சென்குட்சு தள்ளுகிறவனின் கால். கோகுட்சு இழுக்கிறவனின் கால். வடம் இழுப்பவர்கள் எப்படிப் பின்காலில் உட்காருகிறார்கள் என்று தேர்த் திருவிழாவில் பாருங்கள், யாரும் அவர்களுக்கு விழுக்காடு சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆகவே கட்டாவைப் படிக்கும்போது கையை விட்டுவிட்டுக் காலைக் கேளுங்கள். எடை எந்தப் பக்கம் போகிறது? அந்தப் பக்கம்தான் எதிரியும் போகிறான்.

8 ஜூன் 2023

திருத்தம். இரண்டு இயந்திரங்களும் ஒன்றுபோல் காட்டவில்லை. ஒரே அரிசிப் பையை மாற்றி மாற்றி வைத்தேன், பக்கத்து வீட்டு இயந்திரம் ஒன்றரை கிலோ கூடுதலாகக் காட்டுகிறது. பின்கால் வைத்தது அதில்தான். ஆகவே கோகுட்சுவில் என் பின்கால் 45-கூட இல்லை, நாற்பத்து மூன்றரை.

10 ஜூன் 2023

என்னிடம் பயிலும் ஆறாம் வகுப்புப் பெண் இன்று கேட்ட கேள்வி. "மாஸ்டர், இரண்டாவது அசைவில் முன்னால் இருப்பவனைக் குத்துகிறேன். மூன்றாவதில் திரும்புகிறேன். பின்னால் இருப்பவன் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தான்?"

நான் சிறுவனாக இருந்தபோது இதற்குச் சொல்லப்பட்ட விடை, நான்கு திசையிலிருந்தும் எதிரிகள் வருகிறார்கள், முறைவைத்து. அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஷிட்டோ-ரியூ என்ற கராத்தே வழியை நிறுவிய மபுனி கென்வா இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: கட்டாவில் திசை மாறுவதை வைத்து அந்தத் திசையிலிருந்து ஒருவன் தாக்குகிறான் என்று எடுத்துக்கொள்வது தவறு. எதிரி ஒருவன்தான். அவனுக்கு எந்தக் கோணத்தில் நான் போய் நிற்க வேண்டும் என்பதைத் திசை சொல்கிறது. முதல் அசைவில் இடப்பக்கம் திரும்புவது, அங்கே ஒருவன் இருப்பதால் இல்லை. முன்னால் இருப்பவனின் நேர்க்கோட்டை விட்டு விலகி அவன் விலாப்பக்கம் போவதால். 5-ஆம் தேதி நான் எழுதிய கைப்பூட்டும் கபடிக்காரருக்குப் பக்கவாட்டில் போனதால்தான் விழுந்தது. நேரெதிரே நின்று முயன்றபோது இரண்டு முறை தோற்றேன் என்பதை அன்று எழுதாமல் விட்டது என் தவறு.

180 பாகை திரும்பும் மூன்றாவது அசைவு? பிடியை விடாமல் திரும்பிப் பாருங்கள். பிடிபட்டவன் உங்களைச் சுற்றி இழுபட்டு வருகிறான். இடுப்பு அவனுக்கு முன்னால் நுழைந்துவிட்டால் விழுகிறான். அவளிடம் என் சட்டைக் கையைக் கொடுத்துத் திரும்பச் சொன்னேன். 34 கிலோ இருக்கும் பெண், என்னை இரண்டு அடி தள்ளாட வைத்தாள். "அப்படியென்றால் பின்னால் யாரும் இல்லை" என்றாள். ஆமாம், யாரும் இல்லை.

11 ஜூன் 2023

பெரிய திருத்தம். எழுதவே கொஞ்சம் வலிக்கிறது.

வாடோ-ரியூ என்ற இன்னொரு வழியைப் பயிலும் நண்பர் ஒருவர் நேரில் வந்து அவர்களுடைய பினான் நிடானைச் செய்துகாட்டினார். அதுதான் நம் ஹெயான் ஷோடான். இதில் குழப்பம் வேண்டாம்: இதோசு ஆன்கோ ஒகினாவாத் தீவில் பள்ளி மாணவர்களுக்காக அமைத்த ஐந்து கட்டாக்களின் பெயர் பினான். ஃபுனகோஷி அவற்றை ஜப்பானில் கற்பித்தபோது அதே எழுத்துகளை ஜப்பானிய முறையில் ஹெயான் என்று படித்தார். பொருள் அமைதி. முதல் இரண்டின் வரிசையையும் மாற்றினார், பழைய இரண்டாவதுதான் எளிது என்பதால். வாடோவும் ஷிட்டோவும் பழைய பெயரையும் வரிசையையும் விடவில்லை.

அந்தப் பினான் நிடானின் முதல் அசைவு கெடான் பராய் இல்லை. இடது முட்டியின் சுண்டுவிரல் பக்கத்தால் மேலிருந்து இறங்கும் சுத்தியல் அடி, டெட்சுயி. நம் கட்டாவில் நான்காவதாக மட்டும் வருவது அங்கே முதல் அசைவாகவே இருக்கிறது. கை எவ்வளவு கீழே போய் நிற்கிறது என்பதுதான் வேறுபாடு.

இப்போது என் 5-ஆம் தேதிக் குறிப்பை என்ன செய்வது? கைப்பூட்டு வேலை செய்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் "இதுதான் முதல் அசைவின் பொருள்" என்ற தொனியில் எழுதியிருந்தேன். அந்தத் தொனியைத் திரும்பப் பெறுகிறேன். முதலில் இருந்தது அடி என்றால், இழுத்த கையின்மேல் விழுந்தது முட்டிதான். முழங்கையின்மேல் முன்கையை அழுத்துவது அதன் இன்னொரு வடிவம். கேள்வி கேட்டவருக்கு ஒன்று: உங்கள் 13-இல் ஒன்று இன்னொரு வழியில் தாக்குதல் கணக்கில் சேர்கிறது.

12 ஜூன் 2023

போதிதர்மர் காஞ்சியிலிருந்து போய்ச் சொல்லிக்கொடுத்தது அல்லவா இதெல்லாம் என்று கேட்டவருக்கு: அவரைக் குத்துக்கலையோடு இணைக்கும் சீன நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது. கராத்தேயின் வேர் ஒகினாவாவிலும் அதற்கு எதிர்க்கரையான சீனாவின் ஃபூஜியனிலும் இருக்கிறது. நமக்குச் சிலம்பமும் குத்துவரிசையும் இருக்கின்றன. அவற்றைப் பெருமைப்படுத்த இன்னொருவர் வீட்டுப் பத்திரத்தில் நம் பெயரை எழுத வேண்டியதில்லை. இந்தப் பேச்சை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

14 ஜூன் 2023

ஆகே உகே. 7, 8, 9. மூன்றும் முன்னேறியபடி.

தலைக்கு வரும் அடியைத் தடுக்கிறவன் பின்வாங்குவான், விலகுவான். மூன்று முறை அடுத்தடுத்துத் தடுத்துக்கொண்டே அடிப்பவனை நோக்கி நடப்பானா? அதற்குமேல், ஒன்பதாவதில் கியாய் (முழக்கம்) இருக்கிறது. இந்தக் கட்டாவில் கியாய் இரண்டே இடத்தில்: 9, 17. பதினேழாவது மூன்றாம் ஓய் சுகி, அங்கே முழங்குவது புரிகிறது. "தடுத்துவிட்டேன்" என்று யாராவது முழங்குவார்களா?

ஏழாவதின் நுழைவாயிலைப் பாருங்கள். கெடான் பராயில் கீழே இருக்கும் இடது கை முதலில் விரல் விரித்து மேலே போகிறது. அதன் பிறகுதான் வலது கால் முன்னேற வலது முன்கை எழுகிறது. அந்த விரிந்த கைதான் வாங்கும் கை. வருவதை அது வாங்கி, பற்றி, இடுப்புக்கு இழுக்கிறது. இழுபட்டு முன்னால் குனிபவனின் தாடைக்குக் கீழே வலது முன்கை எழுகிறது. தடுப்பு முடிந்து அடி தொடங்கும் கோடு அந்த இரண்டு கைகளுக்கு நடுவே இருக்கிறது. நாம் இரண்டாவது கைக்குத் தடுப்பு என்று பெயர் வைத்துவிட்டு, உண்மையில் தடுத்த கையைத் தயார்நிலை என்று தள்ளிவிட்டோம்.

இதைப் பிள்ளைகளிடம் இணையராகச் செய்ய விடாதீர்கள். தொண்டைக்கு மிக அருகில் நடக்கும் வேலை. நான் பெரியவர்களிடமும் மார்பெலும்பில் நிறுத்துகிறேன்.

14 ஜூன், சற்றுப் பின்

கியாயை வைத்துச் சொன்னது வலுவான சான்று இல்லை என்று எனக்கே படுகிறது. கியாய் எங்கே என்பது வழிக்கு வழி மாறுகிறது. விரிந்த கையும் முன்னேறும் காலும் போதும், கியாயைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

17 ஜூன் 2023

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லவில்லை.

ஃபுனகோஷியே உதைக்கு எதிராகக் கெடான் பராயைக் காட்டியிருக்கிறார். இதோசுவின் நேரடி மாணவர் அவர். அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

ஆனால் இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1901 வாக்கில் ஒகினாவாவில் கராத்தே பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறது. ஒரு திடலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள், எண்ணிக்கைக்கு ஒரு அசைவு. அவர்களுக்கு முழங்கையை முறிக்கும் வழியைச் சொல்லவா முடியும்? உதையைத் தடு, குத்து என்று சொல்வதுதான் பொறுப்பான ஆசிரியரின் வேலை. அதே இதோசு 1908-இல் எழுதிய பத்துக் குறிப்புகளில், உடல்நலத்துக்காகப் பயில்கிறாயா பயன்பாட்டுக்காகப் பயில்கிறாயா என்பதைத் தெளிந்துகொள் என்கிறார். நுழைவது, வாங்குவது, விடுவிப்பது, கையைப் பற்றுவது என்று முறைகள் உண்டு, அவற்றில் பல வாய்மொழியாகவே சொல்லப்படுகின்றன என்றும் எழுதுகிறார். அந்த நான்கு வினைச்சொற்களில் "தடுப்பது" எங்கே?

ஆகவே உதைக்கான கெடான் பராய் பொய் இல்லை. பள்ளிக்கூடத்துப் பொருள் அது. எனக்கு வருத்தம், இரண்டாவது பொருளுக்குப் போகவேண்டிய வயதிலும் எங்களை யாரும் அங்கே அழைத்துப்போகவில்லை என்பதுதான். பழுப்பு பெல்ட் கட்டியவனுக்குப் பிள்ளைகளின் விளக்கத்தைக் கொடுத்து, முழு வேகத்தில் உதைக்க எதிரே நிறுத்தினார்கள்.

18 ஜூன் 2023

நான்காவது அசைவு. பழைய விளக்கம்: கெடான் பராய் போட்ட வலது மணிக்கட்டை எதிரி பிடித்துவிட்டான், விடுவித்துக்கொண்டு சுத்தியல் அடி. இந்தக் கட்டாவில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடுவிப்பு இது ஒன்றுதான்.

கபடிக்காரர் பிடிக்க, நான் கையை வட்டமாகச் சுழற்றினேன். வரவில்லை. மீண்டும். வரவில்லை. மூன்றாம் முறை தோள் சுளுக்கியது. "அண்ணா, கையால் இழுத்தால் எந்த ரைடரும் தப்ப மாட்டான். காலை எடுங்கள்" என்றார் அவர். முன்காலை முதலில் பின்னுக்கு இழுத்தேன், உடம்பு முழுவதும் அரை அடி பின்னால் போனது, அவருடைய கை நீண்டு கட்டைவிரல் பக்கம் பிடி திறந்தது. அதற்குப் பிறகு கையைச் சுழற்றச் சிரமமே இல்லை. இறங்கும் முட்டி அவருடைய கழுத்தெலும்புக்கு நேரே இருந்தது.

கட்டாவிலும் காலும் கையும் சேர்ந்துதான் போகின்றன. ஆனால் நான் கையைக் காட்டிக் காலை ஒப்புக்கு நகர்த்திக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல ஒரு கபடி ஆட்டக்காரர் வேண்டியிருந்தது.

21 ஜூன் 2023

கடைசி நான்கு ஷுட்டோ உகேக்கள். இடப்பக்கம் ஒன்று, அங்கிருந்து 45 பாகையில் இன்னொன்று. வலப்பக்கமும் அப்படியே.

கத்திபோல் விரிந்த கையால் குத்தைத் தடுப்பது என்று சொல்கிறார்கள். விரல்கள் விரிந்திருப்பது எதற்கு? தடுக்க மூடிய முட்டி போதும், விரலும் பத்திரம். விரிந்திருப்பது பிடிப்பதற்கும் கையின் ஓரத்தால் கழுத்துப் பக்கம் வெட்டுவதற்கும். முன்னால் இருந்த கை பற்றி இழுத்து மார்புக்கு முன்னால் வந்து நிற்கிறது, பின்னால் இருந்த கை வெட்டுகிறது. இழுப்பு இருப்பதால் கால் கோகுட்சு. 7-ஆம் தேதி எழுதியதோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது என்று மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி முழுதாக நிற்கவில்லை. ஷிட்டோ-ரியூவிலும் ஒகினாவாவின் ஷோரின்-ரியூவிலும் இதே இடத்தில் கோகுட்சு இல்லை, நெகோ ஆஷி. பூனைக்கால். குட்டையான நிலை, முன்பாதத்தில் விரல்களுக்கு அடியிலுள்ள மேடு மட்டும் தரையைத் தொடும். ஷோட்டோகானின் நீண்டு தாழ்ந்த நிலைகள் பிற்காலத்தவை, ஃபுனகோஷியின் மகன் யோஷிதகா காலத்தில் அழுத்தம் பெற்றவை. 1920-களின் படங்களில் ஃபுனகோஷி எவ்வளவு உயரமாக நிற்கிறார் என்று பாருங்கள். ஆகவே 70-30 என்ற கணக்கைப் புனிதமாக எடுத்துக்கொண்டு நான் எடை இயந்திரம் வைத்தது கொஞ்சம் அதிகம். பூனைக்காலில் பின்காலுக்கு இன்னும் கூடுதலாகவே எடை போகிறது, இழுக்கும் வேலையும் நடக்கிறது, முன்கால் உதைக்கவும் ஓய்வாக இருக்கிறது. எடை போகும் திசை மாறவில்லை, அளவுதான் மாறியிருக்கிறது. திசையைப் பற்றி எழுதியதில் உறுதியாக இருக்கிறேன்.

அந்த 45 பாகை, 10-ஆம் தேதி சொன்ன கோணமேதான். கட்டாவில் நேர்க்கோட்டை விட்டுச் சாய்வாகப் போவது அங்கே மட்டும். கடைசியில் வைத்திருக்கிறார்கள். அதற்குள் மாணவன் கவனம் கலைந்து, முடித்துக் குனிந்து வணங்கும் அவசரத்தில் இருக்கிறான். தேர்வில் நான் பார்க்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்த 45-ஐ 60 ஆகவோ 30 ஆகவோ வைக்கிறார்கள்.

25 ஜூன் 2023

"சரி, உங்கள் கணக்குதான் என்ன? 13-க்கு 8 இல்லையென்றால் எத்தனைக்கு எத்தனை?" என்று முதல் கேள்வி கேட்டவர் மீண்டும் கேட்கிறார். ஓர் அசைவில் ஒரு கை வாங்கும்போது இன்னொரு கை அடிக்கிறது. எப்படிப் பிரித்து எண்ணுவது? ஓய் சுகியிலும் ஹிக்கிதே இருக்கிறது, அதில் வாங்கல் இருக்கிறது. அந்த ஏழையும் நீங்கள் சுத்தமான தாக்குதல் என்று எழுதியதும் எனக்கு இப்போது இடறுகிறது.

எண்ணிக்கைக்குப் பதிலாக ஒன்று செய்துபாருங்கள். சட்டையின் இடுப்பருகே ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவர் எடையோடு முழுக் கட்டாவையும் மெதுவாகச் செய்யுங்கள். எங்கே அவர் உங்களை நிறுத்திவிடுகிறாரோ அங்கே உங்கள் கால் தவறு.

இன்று காலை அந்தப் பெண் அப்படிச் செய்தாள், தம்பி சட்டையைப் பிடித்துத் தொங்க. முதல் மூன்றில் தடுமாறினாள். நான்காவதில் நான் வாய் திறப்பதற்குள் வலது காலை முதலில் இழுத்தாள். தம்பி கையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். "மாஸ்டர், ஐந்தாவதுக்கு அவன் எழுந்து வரவேண்டுமா?" என்று கேட்டாள். எழுந்து வரச் சொன்னேன்.